வீட்டுக்கும் உண்டு வைத்தியம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டும் எவ்வளவு பிரயாசையான காரியங்கள் என்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். கல்யாணம் முடிந்த பிறகுதான் குடித்தனம் ஆரம்பமாகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால், கிருகப் பிரவேசம் முடிந்த பிறகுதான் வீட்டைக் காக்கும் வேலை ஆரம்பமாகிறது என்பது மட்டும் நம்மில் அநேகருக்கு மறந்துபோகிறது. வாசலில் கட்டிய மாவிலைத் தோரணம் வாடுவதற்குள், வீடு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை நமக்கு உண்டாகிவிடுகிறது.

மனித சரீரத்துக்கு வியாதி வருவதுபோலவே வீட்டுக்கும் வரும். அதன் வியாதிகளில் முக்கியமானவை மூன்று: நீர், பூஞ்சணம், நெருப்பு. நீரும் நெருப்பும் ஒன்றுக்கொன்று பகை என்பது பழைய பேச்சு. வீட்டைக் கெடுக்கும் விஷயத்தில் அவை ஒற்றுமையாகவே வேலை செய்கின்றன. கசியும் சுவரில் பதித்த மின்சாரக் கம்பியில் நீர் இறங்கினால் நெருப்புக்கு வழி பிறக்கிறது. நெருப்பை அணைக்க இறைத்த நீர் சுவரில் தங்கினால் பூஞ்சணம் பிறக்கிறது.

இந்த மூன்று வியாதிகளுக்கும் பொதுவான லட்சணம் ஒன்று உண்டு. தொடக்கத்தில் அற்பச் செலவில் தீரக்கூடியவை இவை. நாம் அவற்றைப் பார்க்காமல் இருப்பதனாலும், பார்த்த பின் வர்ணம் பூசி மறைப்பதனாலுமே அவை பெரும் நஷ்டமாக வளர்கின்றன. ஜுரம் கண்ட குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டால் ஜுரம் இறங்கிவிடுமா? கசியும் சுவருக்குப் பெயிண்டு அடிப்பது அந்த வகை வைத்தியந்தான்.

மேலிருந்து இறங்கும் நீர்

முதலில் மொட்டை மாடிக்கு ஏறுவோம். வீட்டில் உள்ளவர்கள் மிகக் குறைவாகப் பார்க்கும் இடம் அது. வடாம் பிழியவும் துணி உலர்த்தவும் போகிறவர்கள்கூடத் தரையைக் குனிந்து பார்ப்பதில்லை.

சென்னைப் பக்கத்துப் பழைய வீடுகளின் மாடித்தளத்தை நினைத்துப் பாருங்கள். மர உத்திரங்களின்மேல் செங்கற்களை நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக் கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். அந்தத் தளத்தின் ரகசியம் பொருள்களில் பாதி, வாட்டத்தில் பாதி. மழைநீர் ஒரு நிமிஷமும் சும்மா நிற்காமல் ஓடிவிடும்படி சரிவு வைத்தார்கள். நீர் நிற்காத இடத்தில் நீர் இறங்குவதும் இல்லை.

இக்காலத்துக் கான்கிரீட் தளத்துக்கும் இதே விதிதான். நூறு அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலமாவது சரிவு இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று கண்டறிய இஞ்சினீயர் வேண்டியதில்லை. புரட்டாசி மாதத்தில் ஒருநாள் நாலைந்து வாளி நீரை மாடியில் ஊற்றிவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் போதும். எங்கே குட்டை கட்டி நிற்கிறதோ அந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள். அடைமழையில் வீட்டுக்குள் சொட்டப்போகும் இடத்தின் முகவரி அதுவே.

அடுத்தபடியாக, நீர் வெளியேறும் துவாரங்களைப் பாருங்கள். ஒரு வேப்பமரத்துச் சருகு, ஒரு பழைய துணிக்கிளிப்பு, காகம் கொண்டுவந்து போட்ட எலும்புத்துண்டு ஆகிய இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு குழாயை அடைக்கப் போதுமானவை. குழாய் அடைபட்டால் மாடி ஏரியாகிறது. தரையும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் உள்ள மயிரிழை வெடிப்பு அந்த ஏரிக்கு மதகாகிறது. அரசும் ஆலும் அத்தகைய வெடிப்புகளைத் தேடி வந்து முளைக்கும். இரண்டு இலை விடும்போது கையால் பிடுங்கி எறிந்துவிடலாம். இரண்டு வருஷம் விட்டுவிட்டால் சுவரை இடித்தே வேரை எடுக்க வேண்டியிருக்கும்.

கான்கிரீட்டுக்குள் இறங்கிய நீர் அங்கே உள்ள இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவானது, தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் சில மடங்கு அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே உள்ளிருந்து பருத்துக் காரையைப் பெயர்த்துத் தள்ளுகிறது. தலைக்கு மேலே பூச்சு உதிர்ந்து கம்பி தெரிய ஆரம்பித்துவிட்டால், அந்த இடத்தில் மறுபடி சிமெண்டைப் பூசி மூடுவது வியாதியை உள்ளே வைத்துத் தைப்பதற்குச் சமானம். தளர்ந்த காரையைத் தட்டி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, மேலிருந்து வரும் நீரின் வழியை அடைத்த பிறகே பூச வேண்டும்.

கீழிருந்து ஏறும் ஓதம்

மேலிருந்து இறங்கும் நீரை யாரும் ஒப்புக்கொள்வார்கள். நீர் கீழிருந்து மேலேயும் ஏறும் என்றால் சிலர் நம்புவதில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் வழக்கமுள்ளவனாகையால் ஓர் உதாரணம் சொல்லுகிறேன். குத்துவிளக்கின் திரி எண்ணெயை மேலே ஏற்றுவதைத் தினந்தோறும் பார்க்கிறோம். செங்கல்லும் காரையும் அப்படிப்பட்ட திரிகளே. அவற்றில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாக மண்ணின் ஈரம் முழங்கால் உயரமும் இடுப்பு உயரமும் ஏறுகிறது. ஏறும்போது மண்ணில் உள்ள உப்பையும் கரைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறது. நீர் காற்றில் ஆவியாகிவிட, உப்பு மட்டும் வெள்ளை மாவுபோலச் சுவரில் பூத்து நிற்கிறது. பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்வது அந்த உப்பின் கைவேலை.

இதைத் தடுக்கவே, புது வீடு கட்டும்போது கடைக்காலுக்கு மேலே, சுவர் எழும்பும் இடத்தில் நீர் ஏறாத ஒரு பட்டையை வைக்கிறார்கள். இதில் சில ரூபாய் மிச்சம் பிடிக்கிறவர்கள் பிற்பாடு ஆயுள் முழுவதும் வட்டி கட்டுகிறார்கள்.

கட்டி முடிந்த பழைய வீட்டில் ஓதம் ஏறினால் என்ன செய்வது? பெரும்பாலோர் கெட்டியான சிமெண்டுப் பூச்சும், அதன்மேல் பளபளப்பான பெயிண்டும் அடித்துவிடுகிறார்கள். ஓர் ஆறு மாதம் சுவர் அழகாக இருக்கும். வெளியேற வழியில்லாத ஈரமோ, பூசிய உயரத்தைத் தாண்டி இன்னும் மேலே ஏறித் தலைகாட்டும். சுண்ணாம்புக் காரைக்குச் சுவாசிக்கும் தன்மை உண்டு. ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். சுண்ணாம்பால் கட்டிய பழைய சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து. அதோடு, சுவரை ஒட்டிக் குவித்த மண்ணையும் பூந்தொட்டிகளையும் அகற்றி, மழைநீர் சுவரடியில் தேங்காமல் வெளியே ஓடும்படி தரையைச் சரித்துவிட்டால் பாதி ஓதம் தானே தணியும்.

சுவரின் ஈரம் உள்ளிருந்து வருகிறதா, அறையின் காற்றிலிருந்து படிகிறதா என்ற சந்தேகம் எழுந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. ஓர் அடிச் சதுரமான பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டு இரண்டு நாள் காத்திருங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குச் சொந்தம். வெளிப்புறம் வியர்த்திருந்தால் அது சமையல் ஆவியும் உள்ளே உலர்த்திய துணியும் செய்த வேலை. ஜன்னலைத் திறப்பதே அதற்குச் சிகிச்சை.

சுவருக்குள் ஓடும் குழாய் கசிகிறதா என்பதை அறியவும் வழி இருக்கிறது. இரவு படுக்கப் போகும்போது எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல்தொட்டியில் நீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒருவரும் நீரைத் தொடாமல் இருக்க, விடியற்காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒரு குழாய் நமக்குத் தெரியாமல் சுவருக்கு நீர் வார்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பூஞ்சணம் என்னும் அழையா விருந்து

1928-ஆம் வருஷத்தில் அலெக்ஸாண்டர் பிளெமிங் என்ற விஞ்ஞானி, தம் பரிசோதனைத் தட்டில் தற்செயலாக விழுந்த ஒரு பூஞ்சணத்தைச் சுற்றிலும் கிருமிகள் அழிந்திருப்பதைக் கண்டார். பெனிசிலின் என்னும் சஞ்சீவி அப்படித்தான் உலகத்துக்குக் கிடைத்தது. பூஞ்சணம் மனித குலத்துக்குச் செய்த மகத்தான உபகாரம் அது. நம் வீட்டுப் பீரோவில் முளைக்கும் பூஞ்சணத்திடம் அத்தகைய உபகாரம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

அந்தத் தட்டில் அது எவ்வாறு விழுந்ததோ அவ்வாறே எல்லா வீடுகளிலும் விழுந்துகொண்டிருக்கிறது. அதன் விதைத்தூள் கண்ணுக்குப் புலப்படாமல் காற்றில் எங்கும் மிதக்கிறது. அதைத் தடுக்க யாராலும் இயலாது. அதற்கு வேண்டிய ஆகாரமோ ஒவ்வொரு வீட்டிலும் தாராளமாக இருக்கிறது: புத்தகக் கட்டின் பசை, கஞ்சி போட்ட வேஷ்டி, தோல் செருப்பு, மரப்பலகை, வெறும் தூசிகூடப் போதும். அது முளைப்பதற்கு நம் கையில் உள்ள ஒரே கடிவாளம் ஈரம். நனைந்த பொருளில் 24 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் அது வேரூன்றத் தொடங்கிவிடும். ஆகையால் இரண்டு நாட்களுக்குள் உலர்த்தினால் நாம் ஜயித்தோம்; அதற்கு மேல் விட்டால் அது ஜயிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பீரோவையும் அலமாரியையும் வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரற்கடை விட்டு நிறுத்துங்கள். பட்டுப் புடவைகளைப் பெட்டியில் அடைத்தே வைக்காமல், வெயில் கண்ட நாட்களில் நிழற்காற்றில் விரித்து மடியுங்கள். வீட்டுக்குள்ளே ஈரத்துணி உலர்த்துவது தவிர்க்க முடியாததானால், அந்த அறையின் ஜன்னலைத் திறந்து விசிறியைச் சுழலவிடுங்கள். இழுப்பு நோயுள்ள குழந்தைகளுக்கும் முதியோருக்கும் பூஞ்சணம் பிடித்த அறை ஆகாது. இருமல் அதிகமாவதற்குக் காரணத்தை மருந்துக் கடையில் தேடுமுன் கட்டிலுக்குப் பின்னாலுள்ள சுவரையும் ஒருமுறை பார்ப்பது நலம்.

பூத்துவிட்ட பூஞ்சணத்தை உலர்ந்த துணியால் தட்டக் கூடாது. விதைத்தூள் வீடெங்கும் பரவிவிடும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு அந்த இடத்தை முற்றும் உலர்த்த வேண்டும். ஓடு, பீங்கான் போன்ற வழுவழுப்பான இடங்களில் பிளீச்சிங் பவுடர் கரைசல் பயன்படும். ஆனால் அதை அமிலத்தோடும் அம்மோனியா கலந்த பொருள்களோடும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. கிளம்பும் வாயு உயிருக்கே ஆபத்தானது. கழிப்பறை கழுவும் திராவகம் அமிலம் என்பதை வேலையாட்களுக்கும் சொல்லி வையுங்கள்.

நம் முன்னோர்கள் தைப் பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்ததை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சுவர் உலரத் தொடங்கும் சமயம் அது. புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் வளராது. போகியன்று கிழிந்த பாயையும் நைந்த தலையணையையும் வெளியேற்றியதும், மூன்று மாத ஈரம் குடித்த பொருள்களை வீட்டைவிட்டு அகற்றிய காரியமே. அவற்றைக் கொளுத்திப் புகை கிளப்பாமல் குப்பை வண்டியில் சேர்ப்பது இந்தக் காலத்துக்கு ஏற்ற போகி.

வெள்ளம் வடிந்த வீட்டில்

இதுவரை சொன்னது மெள்ள வரும் நீரைப் பற்றி. ஒரே இரவில் வரும் நீரையும் நாம் பார்த்துவிட்டோம். 2015 நவம்பரில் சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அதன் பின், டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, முடிச்சூர் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களின் முறை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இத்தகைய பெருவெள்ளத்தைத் தனி மனிதர் தடுக்க முடியாது. வடிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

முதல் காரியம் மின்சாரம். பிரதான ஸ்விட்ச் இருக்குமிடம் உலர்ந்து, நம் கையும் காலும் உலர்ந்திருந்தால் மட்டுமே அதை அணைக்கலாம். நீரில் நின்றுகொண்டு தொடவே கூடாது. மின்வாரியத்தாரை அழைக்க வேண்டும். நனைந்த பிரிட்ஜையும் மோட்டாரையும் மின்தொழிலாளி பரிசோதிக்குமுன் இயக்கிப் பார்க்கும் ஆவல் அநேக வீடுகளில் இரண்டாவது நஷ்டத்தை உண்டாக்கியிருக்கிறது.

இரண்டாவது, சேதத்தைப் படமெடுத்து வைப்பது. இன்ஷூரன்ஸ் உள்ளவர்கள் சாமான்களை வெளியே எறிவதற்குமுன் இதைச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, சேறு. வந்தது வெறும் மழைநீரல்ல, சாக்கடையும் கலந்தது என்பதை மறவாமல் காலில் பூட்ஸும் கையில் உறையும் அணிந்து இறங்குங்கள். சேறு ஈரமாக இருக்கும்போதே வழித்துத் தள்ளுவது சுலபம், காய்ந்தால் கல்லாகிவிடும். பஞ்சு மெத்தை, தலையணை, பாய், நனைந்த அரிசி, பருப்பு, மாவு இவற்றில் தயை தாட்சண்யம் கூடாது, அப்புறப்படுத்திவிட வேண்டும். மரச் சாமான்களைக் கடும் வெயிலில் வைத்தால் வளைந்து வெடிக்கும். நிழலில் காற்றோட்டமாக வைத்து மெதுவாக உலர்த்த வேண்டும். கீழ்த்தொட்டியை முற்றிலும் இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் இட்டுச் சுத்தம் செய்த பிறகே நீர் நிரப்பலாம். குடிநீரைச் சில வாரங்களுக்குக் கொதிக்க வைத்தே குடிப்பது உத்தமம்.

வெள்ளம் வடிந்த சுவருக்கு உடனே வர்ணம் பூச ஆசை எழும், பண்டிகையும் நெருங்கிக்கொண்டிருக்கும். சுவரின் கனத்தில் ஓர் அங்குலம் உலர ஒரு மாதம் என்பது பொதுவாக வழங்கும் கணக்கு. முன்பு சொன்ன பாலிதீன் சோதனையில் சுவர் வியர்க்காமல் தேறும்வரை பொறுத்திருப்பவர் இரட்டைச் செலவிலிருந்து தப்புகிறார்.

காகிதங்களைக் காப்பது

மெத்தை போனால் மெத்தை வாங்கலாம். காகிதம் போனால்? 2015 வெள்ளத்துக்குப் பின் பட்டா, பள்ளிச் சான்றிதழ், ரேஷன் அட்டை முதலியவற்றை இழந்தவர்களுக்கு நகல் வழங்க அரசாங்கம் சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. தாத்தாவின் புகைப்படத்துக்கும், அம்மா தன் கையால் எழுதிய சமையல் நோட்டுக்கும் நகல் கொடுக்க எந்த முகாமாலும் முடியாது.

1966 நவம்பர் 4-ஆம் தேதி இத்தாலியில் ஆர்னோ நதி பெருகி, பிளாரன்ஸ் நகரத்து நூலகங்களில் லட்சக்கணக்கான நூல்களைச் சேற்றில் ஆழ்த்தியது. பல தேசங்களிலிருந்து வந்த இளைஞர்கள் வரிசையில் நின்று கைமாற்றிக் கைமாற்றி அவற்றை வெளியேற்றினார்கள். நனைந்த நூல்களைக் காக்கும் வித்தை அந்த விபத்துக்குப் பின் வெகுவாக வளர்ந்தது. அதில் நம் வீட்டுக்கு ஏற்ற பாடங்கள் சில உண்டு.

நனைந்த புத்தகத்தைப் பலவந்தமாகத் திறக்கக் கூடாது. நிமிர்த்தி நிறுத்தி, தானே விரியும் பக்கங்களுக்கிடையே உறிஞ்சும் தாளைச் செருகி, அடிக்கடி மாற்றி, நிழலில் விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிய புகைப்படங்களை ஒட்டியபடியே உலரவிட்டால் அப்புறம் பிரிக்க முடியாது. சுத்தமான நீரில் ஊறவைத்து, மெதுவாகப் பிரித்து, படம் மேல்நோக்கும்படி பரப்பி உலர்த்துங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கவனிக்க இயலாதபோது, காகிதங்களைச் சிறு சிறு கட்டுகளாகப் பாலிதீன் பையிலிட்டுப் பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்துவிடலாம். பூஞ்சணத்தின் இரண்டு நாள் கெடு அங்கே செல்லாது. சாவகாசமாக ஒவ்வொரு கட்டாக எடுத்து உலர்த்திக்கொள்ளலாம். நம் வீட்டில் மின்சாரம் வராதிருந்தால் மேட்டுப்பாங்கான இடத்து உறவினர் வீட்டுப் பிரிட்ஜுக்குக் கொண்டுபோகலாம்.

எல்லாவற்றிலும் மேலானது முன்னேற்பாடு. முக்கியப் பத்திரங்களை நீர் புகாத உறையிலிட்டு, ஆள் உயரத்துக்கு மேலே ஒரே இடத்தில் வைத்திருங்கள். அதன் பிரதி ஒன்று வேறு ஊரில் உள்ள பிள்ளையிடமோ பெண்ணிடமோ இருக்கட்டும்.

நெருப்பும் முதல் நிமிஷமும்

நீர் நமக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுக்கிறது. நெருப்பு கொடுப்பதோ ஒன்றிரண்டு நிமிஷங்கள். ஆகையால், நெருப்பைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் நெருப்பு இல்லாத நேரந்தான்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ஆம் தேதி ஒரு பள்ளியின் சமையற்கட்டில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் அந்தத் தேதியை மறக்க மாட்டார்கள். அடுப்புக்கு மேலே எரியும் கூரை, வெளியேற வழியில்லாத அறை ஆகிய இரண்டும் சேர்ந்த இடம் பள்ளியானாலும் வீடானாலும் ஒன்றே. நம் வீடுகளில் கீற்றுக் கூரை இல்லாதிருக்கலாம். அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கும் நைலான் திரை இருக்கிறது. திருடனுக்கு அஞ்சி இரவில் பூட்டிய இரும்புக் கம்பிக் கதவும் இருக்கிறது. அதன் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பது வீட்டுக்காரர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்! குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் தெரிந்த ஓரிடத்தில், இருட்டிலும் கைக்கு எட்டும்படி அந்தச் சாவியை வைப்பதற்கு ஒரு காசு செலவில்லை.

வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் நீர் ஊற்றுவது மகா அபாயம். எண்ணெயின் உஷ்ணம் நீரின் கொதிநிலையைக் காட்டிலும் மிகமிக அதிகம். அதில் விழுந்த நீர் கணத்தில் ஆவியாகி, 1,600 மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி எறிகிறது. அடுப்பை அணைத்து, ஒரு தட்டையான மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி வாணலியை மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காமல் இருங்கள். காற்றில்லாத தீ தானே மாயும்.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோரத்தில் தேங்கும். அதன் துர்நாற்றம் நமக்கு எச்சரிக்கையாகவே சேர்க்கப்பட்டது. அந்த வாசனை கண்டதும் மின் ஸ்விட்ச் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு. பூஜையறை விளக்கை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறிய பின் 1906 என்ற எண்ணை அழையுங்கள். தீயணைப்புப் படைக்கு 101 அல்லது 112.

மின்சாரத்தால் வரும் தீக்குப் பெரும்பாலும் பழைய கம்பியும் அளவுக்கு மீறிய பாரமுமே காரணம். ஒரே முனையில் நாலு சாதனங்களைச் சொருகுவது, உருகிப்போன கம்பிக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றிவிடுவது ஆகியவை பாம்புக்குப் பால் வார்க்கும் காரியங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் கருவி இப்போது எளிதில் கிடைக்கிறது. அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். புகை சூழ்ந்த அறையில் தவழ்ந்து வெளியேற வேண்டும். சுவாசிக்கத்தக்க காற்று தரையை ஒட்டியே இருக்கும். சுட்ட புண்ணின்மேல் சாதாரணக் குழாய் நீரை 20 நிமிஷம் ஓடவிடுவதே முதல் சிகிச்சை. பேனா மை, பற்பசை, நெய், பனிக்கட்டி இவற்றில் எதுவும் வேண்டாம்.

தீ அணைந்த வீட்டில் புகைக்கரியை ஈரத்துணியால் துடைத்தால் அது எண்ணெய்க்கறையாக அப்பிக்கொள்ளும். முதலில் உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டி எடுத்து, பிறகே சோப்பு நீரால் கீழிருந்து மேலாகக் கழுவ வேண்டும். கான்கிரீட் இளஞ்சிவப்பு நிறமாக மாறியிருந்தால் அது 300 டிகிரிக்கு மேல் வெந்திருக்கிறது என்பதற்கு அறிகுறி; இஞ்சினீயர் பார்க்காமல் அந்த அறையில் குடியிருக்க வேண்டாம். தீயணைக்க இறைத்த நீரையும் மறவாதீர்கள். பூஞ்சணத்தின் இரண்டு நாள் கணக்கு அங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும்.

யார் செய்வது?

இவ்வளவையும் படித்த பிறகு, "எல்லாம் சரி, இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்கத் தோன்றலாம். கூட்டிப் பார்த்தால் வருஷத்துக்கு நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகளுக்குமேல் ஆகாது. புரட்டாசியில் மாடி, ஐப்பசியில் பத்திரப் பெட்டியும் தீபாவளிக்குமுன் மின்கம்பியும், தையில் சுவர், சித்திரையில் குழாயும் வாயு அடுப்பும் என்று பஞ்சாங்கத்திலேயே குறித்துவிடலாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வெள்ளம் வந்தால் சேற்றை வழிப்பவளும், சுவர் கசிந்தால் நனைந்த துணிகளை மறுபடி தோய்ப்பவளும், அடுப்படியில் ஆபத்தை முதலில் சந்திப்பவளும் பெரும்பாலும் வீட்டின் பெண்ணே. "அந்த மூலையில் ஏதோ ஓதம் மாதிரி இருக்கிறதே" என்று முதலில் சொல்லுகிறவளும் அவளே. அந்த வார்த்தையை அசட்டை செய்து, "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடுவதில்தான் பல வீடுகளின் வியாதி முற்றுகிறது. வாடகைக்குக் குடியிருப்பவர் சொல்லும்போது வீட்டுச் சொந்தக்காரர் காது கொடுப்பதும் இதே தர்மத்தைச் சேர்ந்தது.

மேலும், நம் வீட்டைக் காப்பது மதிலோடு முடிவதில்லை. நம் மாடி நீரை அண்டை வீட்டுச் சுவரில் பாயவிட்டு, நம் குப்பையைத் தெருவின் மழைநீர்க் கால்வாயில் கொட்டிவிட்டு, நம் வீடு மட்டும் உலர்ந்திருக்க வேண்டுமென்று விரும்பினால் அது நடக்காது. கால்வாய் அடைபட்டால் நீர் முதலில் தாழ்ந்த பகுதியிலுள்ள ஏழையின் குடிசைக்குப் போகும். பிறகு நம் வாசற்படிக்கும் வரும்.

மழைக்காலம் வருமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காப்பி குடித்தவுடன், கையில் ஒரு சாக்கட்டித் துண்டும் இரண்டு வாளி நீரும் எடுத்துக்கொண்டு வாசகர்கள் தங்கள் மொட்டை மாடிக்கு ஏறுவார்களாக! கூடவே குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். நீர் எங்கே நிற்கிறது என்பதை அவர்களே நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.